முழங்காலில் ஒளிந்திருந்த இரண்டு சென்டிமீட்டர்

ஏட்டில் 46.5 என்று எழுதியிருந்தது. நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை, எடை 2.9 கிலோ, நீளம் மட்டும் 46.5 சென்டிமீட்டர். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் ஏட்டைப் பார்த்தார், கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்தார், "இவங்க ஆளுங்களே உயரம் கம்மிதான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். எனக்கு அந்த எண் உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு குட்டையான குழந்தைக்கு 2.9 கிலோ என்றால் உருண்டையாக இருக்க வேண்டும், இவன் அப்படி இல்லை. மதியம் வார்டு கொஞ்சம் அடங்கியதும் அளவுப் பலகையை எடுத்து வந்து, இன்னொரு சிஸ்டரைத் தலையைப் பிடிக்கச் சொல்லி, முழங்காலை மெதுவாக அழுத்தி நீட்டி மறுபடி பார்த்தேன். 48.6. காணாமல் போயிருந்த இரண்டு சென்டிமீட்டர் அந்த இனத்தில் இல்லை, மடங்கிய முழங்காலில் இருந்தது.

பிரசவ வார்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று மாறி மாறிப் பதினேழு வருடம் ஓடிவிட்டது. என்னிடம் வந்த தாய்மார்களில் பல இனத்தவர்கள், பல மொழிக்காரர்கள், நெட்டையானவர்கள், என் தோள் உயரம்கூட வராதவர்கள் எல்லாரும் உண்டு. அதனால் "இந்தக் குழந்தைக்கு எந்த சார்ட்?", அதாவது அளவு சரியாக இருக்கிறதா என்று எந்த வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது என்ற கேள்வி எங்களுக்கு வாரம் ஒரு முறையாவது வந்துவிடும். முதல் சில வருடம் நானும் அதற்குச் சரியான சார்ட் ஒன்று எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். இப்போது என்னைக் கேட்டால் சார்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டேப்பைக் காட்டு, தராசைக் காட்டு, தேதி எப்படிக் கணக்குப் போட்டாய் என்று சொல் என்பேன்.

டேப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் பிரிவில் துணி டேப் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, தையல்காரர் கழுத்தில் போட்டிருப்பாரே அதே மாதிரி. எத்தனை வருடம் தொங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் சும்மா இருக்காமல் அதை ஒரு எஃகு ஸ்கேலின் மேல் நீட்டிப் பார்த்தேன். டேப்பின் 50, ஸ்கேலின் 51.2-இல் போய் நின்றது. இழுத்து இழுத்து நீண்டுபோன டேப் அளவைக் கூட்டித்தான் காட்டும் என்று முதலில் தப்பாக நினைத்துவிட்டேன், யோசித்துப் பாருங்கள், கோடுகள் ஒன்றுக்கொன்று விலகிப் போயிருப்பதால் அது குறைத்துத்தான் காட்டும். உண்மையில் 32.5 சென்டிமீட்டர் சுற்றளவு உள்ள தலை அந்த டேப்பில் 31.7 என்று வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுகோலில் ஆண் குழந்தையின் பிறப்புத் தலைச்சுற்றளவுக்கு நடு அளவு 34.5, கீழ் எல்லையாகப் பார்க்கப்படும் மைனஸ் 2 கோடு 31.9. அதாவது ஒன்றுமே இல்லாத குழந்தையை ஒரு பழைய துணி டேப் 'சிறிய தலை' பட்டியலில் தள்ளிவிடும். எத்தனை வீட்டில் எத்தனை இரவு தூக்கம் கெட்டதோ. நீளாத டேப் வாங்கித் தாருங்கள் என்று நான்கு முறை எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தது.

நீளம் அளப்பதுதான் இருப்பதிலேயே மோசமாக நடக்கும் வேலை. படுக்கையில் கிடத்தி, தலைப்பக்கம் ஒரு பேனா கோடு, கால்பக்கம் ஒரு பேனா கோடு, நடுவில் டேப் என்று அளக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமாக, கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அளக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தை ஒன்பது மாதம் மடங்கிக் கிடந்து வந்தது, கால் தானாக நீளாது. அதற்கென்று இருக்கும் பலகையில் தலைப்பக்கம் நிலையான தடுப்பு, கால்பக்கம் நகரும் தடுப்பு. ஒருவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து உச்சி தடுப்பைத் தொடும்படி வைக்க வேண்டும், குழந்தையின் பார்வை நேர் மேலே இருக்க வேண்டும், முகவாய் நெஞ்சில் புதைந்திருக்கக் கூடாது. மற்றவர் ஒரு கையால் முழங்காலை மெதுவாக அழுத்தி, இன்னொரு கையால் தடுப்பைப் பாதத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பாதம் தட்டையாகத் தடுப்பில் படிந்த அந்த நொடியில் எண்ணைப் படித்துவிட வேண்டும், அடுத்த நொடி உதைத்துவிடும். ரொம்பவும் அடம் பிடித்தால் ஒரு காலை மட்டுமாவது நீட்டிப் பாருங்கள். தனி ஆளாக இதைச் செய்யவே முடியாது. தனி ஆளாக எடுத்த நீளம் என்று தெரிந்தால் அந்த எண்ணை நான் மனதிலேயே அடித்துவிடுவேன்.

ஒரு பயிற்சியில் எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒரே குழந்தையை ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளக்கச் சொன்னார்கள். நீளத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல், தலையில் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு பேரும் மறுபடி அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் பெரிய ஆய்வில் வைத்த வரம்பே அதுதான். முதல் நாள் எங்கள் ஜோடிக்கு 1.4 சென்டிமீட்டர் வித்தியாசம். பல வருடம் அனுபவம் உள்ள நானும் அதில் ஒருத்தி, வெட்கமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டோம். அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு நாடுகளின் குழந்தைகளுக்கு நடுவே சராசரியாக இருப்பதாகச் சொல்லும் வித்தியாசத்தைவிட, ஒரே குழந்தையை அளந்த இரண்டு சிஸ்டர்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் பெரிது!

எடை சுலபம் என்று தோன்றும். தராசு சமதளத்தில் இருக்கிறதா, விரித்த துணியின் எடையைக் கழித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்களா, குழந்தை நாப்பி இல்லாமல் இருக்கிறதா, இவ்வளவுதான். ஆனால் பழைய ஏடு ஒன்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும், வரிசையாக 2.5, 3.0, 2.5, 2.8, 2.5. குழந்தைகள் இப்படிக் கச்சிதமான எண்ணில் பிறப்பதில்லை. அதிலும் 2.5 மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்றால் காரணம் உண்டு. 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் 'எடை குறைவு', சரியாக 2,500 இருந்தால் இல்லை. அந்த எல்லை ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் பின்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்பே குறைமாதக் குழந்தைகளைப் பிரித்தறிய வைத்தது. அவர் அதை ஏதோ தெய்வவாக்காகச் சொல்லவில்லை, ஒரு வசதிக்கு வைத்த கோடு, ஒட்டிக்கொண்டுவிட்டது. 2.46, 2.48 என்று வரும்போது அம்மா பயப்படுவாளே என்று சிஸ்டர்கள் நல்ல மனதோடு 2.5 போட்டுவிடுவார்கள். இந்த நல்ல மனதால் என்ன ஆகும் என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் தேதி. இதைப் பெற்றோர்களும் கவனிக்கலாம். பிறந்த அன்றைய அளவுக்கான பெரும்பாலான சார்ட்களில் கீழ்க்கோட்டில் கர்ப்ப வாரம் இருக்கும், அந்த வாரம் தப்பானால் மேலே எல்லாமே தப்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தை வாரத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் ஏறுகிறது. கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்து 39 வாரம் என்று எழுதிய ஒரு பெண் குழந்தை 10-ஆம் பெர்சன்டைல் கோட்டுக்குக் கீழே விழுந்தது, அதாவது நூறு குழந்தைகளில் கடைசிப் பத்துக்குள். அம்மாவின் கைப்பையில் மடித்து வைத்திருந்த முதல் ஸ்கேன் காகிதத்தை வாங்கிக் கணக்குப் போட்டால் 37 வாரம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ஒரு வாரத்துக்கு மேல் பிசகுவது அபூர்வம். 37-க்கு நேரே வைத்தால் அதே குழந்தை வசதியாக நடுப்பக்கம் உட்கார்ந்துகொண்டது. அந்த முதல் ஸ்கேன் காகிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள், பிரசவத்துக்குப் போகும் பையில் துணிமணியோடு அதுவும் இருக்கட்டும்.

சரி, இனம் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் எங்கள் பிரிவில் இரண்டு சுவரில் இரண்டு சார்ட் ஒட்டியிருந்தார்கள். ஒன்று பழையது, லுப்சென்கோ என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1963-இல் வெளியிட்டது, அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் பிறந்த குழந்தைகளை வைத்து வரைந்தது. இன்னொன்று புதியது. காலை ஷிப்டில் பழைய சுவர்ப்பக்கம் இருந்தவர்கள் 'சரியாக இருக்கிறது' என்று எழுதிய குழந்தையை, மாலை ஷிப்டில் புதிய சுவர்ப்பக்கம் வந்தவர்கள் 'வாரத்துக்குச் சிறியது' என்று எழுதினார்கள். குழந்தை என்னவோ இரண்டு வேளையும் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உயரம் ஏற ஏற ஆக்சிஜன் குறைந்து பிறப்பு எடையும் குறையும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊரின் உயரத்தையும் சேர்த்து வரைந்த கோட்டைத்தான் உலகம் முழுக்கப் பல வருடம் ஒட்டி வைத்திருந்தார்கள்.

இதில் ஒரு அடிப்படைப் பிரிவினை இருக்கிறது, அது புரிய எனக்கே நாளாயிற்று. ஓர் இடத்துக் குழந்தைகளை இருக்கிறபடி அளந்து வரைந்தால் அது அங்கே 'எப்படி இருக்கிறார்கள்' என்று சொல்லும். தாய் ஆரோக்கியமாக, நன்றாகச் சாப்பிட்டு, புகை இல்லாமல், ஒழுங்கான மருத்துவக் கவனிப்போடு இருந்த குழந்தைகளை மட்டும் பொறுக்கியெடுத்து வரைந்தால் அது 'எப்படி இருக்க முடியும்' என்று சொல்லும். முதலாவது கண்ணாடி, இரண்டாவது இலக்கு. இரண்டையும் சார்ட் என்றே கூப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

இரண்டாம் வகையை உலக சுகாதார நிறுவனம் முதலில் பெரிய அளவில் செய்தது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். தாய்ப்பால் குடித்த, வளர்ச்சிக்குத் தடையில்லாத குழந்தைகள். வெவ்வேறு கண்டத்துக் குழந்தைகளின் நீளக் கோடுகள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒட்டிப் போயின. ஆனால் பிறந்த அன்றைக்கு அதைப் பயன்படுத்தும்போது ஒரு குறை இருக்கிறது: 37 வாரமும் 41 வாரமும் அதில் ஒரே புள்ளிதான், வாரம் வாரமாகப் பிரித்துக் காட்டாது.

அந்த இடைவெளிக்குத்தான் இன்டர்குரோத் 21 என்ற ஆய்வு வந்தது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹோசே வில்லாரும் ஸ்டீபன் கென்னடியும் முன்னின்று நடத்தினார்கள். எட்டு இடங்கள்: பிரேசிலின் பெலோட்டாஸ், இத்தாலியின் டுரின், ஓமனின் மஸ்கட், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, அமெரிக்காவின் சியாட்டில், சீனாவில் பெய்ஜிங்கின் ஷுன்யி, இந்தியாவின் நாக்பூர், கென்யாவின் நைரோபி. எல்லா இடத்திலும் ஒரே வகைத் தராசு, ஒரே வகை அளவுப் பலகை, ஒரே பயிற்சி, பிறந்த சில மணி நேரத்துக்குள் அளவு. 2014-இல் வெளியான பிறப்பளவுக் கோடுகள் 20,486 குழந்தைகளை வைத்து வரையப்பட்டவை. நிறைமாதக் குழந்தைகளின் பிறப்பு நீளத்தில் மொத்த வேறுபாட்டில் 3.5 சதவீதம்தான் எந்த நாடு என்பதால் வந்தது, மீதி எல்லாம் ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருக்கும் வித்தியாசம். எனக்கு இது புதிதாகவே இல்லை. முழங்கால் கதை ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை. அந்த ஆய்வில் கோடு வரையச் சேர்த்துக்கொண்ட தாய்மார்கள் 153 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் உயரம். என் வார்டில் 148, 150 என்று எத்தனையோ பேர், அவர்கள் அந்தக் கோட்டுக்குள் இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனமே பத்து நாடுகளில் கருவின் வளர்ச்சியை ஸ்கேனில் தொடர்ந்து பார்த்து 2017-இல் வெளியிட்டபோது நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கிறது என்றது. 2015-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றும் இனப்பிரிவுகளுக்கு இடையே வித்தியாசம் காட்டியது. தாயின் உயரம், எடை, எத்தனையாவது பிரசவம், இனம் எல்லாவற்றையும் போட்டுக் குழந்தைக்குக் குழந்தை தனிக் கோடு வரைய வேண்டும் என்று 1992-இலிருந்தே கார்டோசி என்பவர் சொல்லி வருகிறார். பெரிய பெரிய ஆட்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் யார் தீர்ப்புச் சொல்ல. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்ல முடியும்.

ஒரு பெண் குழந்தை, 2.2 கிலோ, 39 வாரம், ஸ்கேனிலும் அதே வாரம். தாய் சின்ன உருவம், தந்தையும் அப்படியே. "எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் சிஸ்டர், எங்கக்கா பையனும் ரெண்டு கிலோதான் இருந்தான், இப்ப ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல ஃபர்ஸ்ட்" என்று தந்தை சிரித்துக்கொண்டே சொன்னார். வார்டில் எல்லாரும் தலையாட்டினோம், அந்த இனத்துக் குழந்தைகள் சின்னதாகத்தான் இருக்கும், விடு. நானும்தான் தலையாட்டினேன், அதை மறைக்க விரும்பவில்லை. நான்கு மணி நேரம் கழித்துக் குழந்தையின் கை லேசாக நடுங்கியது. பிடித்தால் நிற்க வேண்டும், பிடித்தும் நிற்கவில்லை. குதிகாலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தால் 31, ரொம்பக் குறைவு. பால் கொடுத்து, அப்புறம் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் காலையில்தான் நிலைக்கு வந்தது. நல்லவேளை, பின்னாடி எதுவும் ஆகவில்லை.

அந்த ராத்திரி குழந்தையை நான் மறுபடி பார்த்தேன், இந்த முறை எண்ணை விட்டுவிட்டுக் குழந்தையை. தலைச்சுற்றளவு 33.5, சரியாக இருக்கிறது. நீளம் 48, அதுவும் சரி. எடை மட்டும் இல்லை. தொடையில் தோல் தொளதொளவென்று மடிந்திருந்தது, பிட்டத்தில் சதையே இல்லை, தோல் உலர்ந்து உரிந்துகொண்டிருந்தது, கண் மட்டும் அகலமாக விழித்தபடி. இது சின்ன குழந்தை இல்லை, இளைத்துப் போய் வந்த குழந்தை. கடைசி வாரங்களில் நஞ்சுக்கொடி வழியாகச் சரியான ஊட்டம் போகவில்லை. சின்ன உடல்வாகு உள்ள குழந்தைக்குத் தலை, நீளம், எடை மூன்றும் சேர்ந்தே சின்னதாக இருக்கும், தொட்டால் சதை இருக்கும். இளைத்த குழந்தைக்கு எடை மட்டும் பின்தங்கும். மூளையைக் காப்பாற்ற உடம்பு மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கும். கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பும் இருக்காது, அதனால்தான் நடுக்கம். 'அவங்க ஆளுங்களே அப்படித்தான்' என்ற ஒரு வாக்கியம் இந்தக் குழந்தையை எங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த சார்ட்டாக இருந்தாலும் 10-ஆம் பெர்சன்டைலுக்குக் கீழே விழுந்தால், அம்மா எந்த இனமாக இருந்தாலும், குடும்பத்தில் எல்லாரும் குள்ளமாக இருந்தாலும், முதல் நாள் சர்க்கரை பார்ப்பது, சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது, பால் சீக்கிரம் கொடுப்பது, இது மூன்றும் நடந்தாக வேண்டும். 'குடும்ப உடல்வாகு' என்பதை இரண்டாம் நாள் பேசிக்கொள்ளலாம். தேவையில்லாமல் ஒரு குழந்தையின் குதிகாலில் குத்திவிட்டேன் என்றால் அதற்கு நான் மன்னிப்புக் கேட்டுவிடுவேன்.

இனத்துக்கென்று தனிக் கோடு வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு இடறுவது ஒன்றுதான். தாயின் உயரம் அவள் மரபணு மட்டும் இல்லை, அவள் குழந்தையாக இருந்தபோது சாப்பிட்ட, சாப்பிடாமல் விட்ட கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. 1938-இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹேமண்ட் என்ற இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள். ஷயர் என்பது மலை மாதிரி குதிரை, ஷெட்லாண்ட் என்பது குட்டிக் குதிரை. இரண்டையும் இரண்டு விதமாகக் கலந்தார்கள், ஒன்றில் தாய் பெரியது, மற்றதில் தாய் சின்னது. இரண்டு குட்டிக்கும் பாதிப் பாதி அதே கலப்புதான், ஆனால் பெரிய தாய்க்குப் பிறந்தது சின்ன தாய்க்குப் பிறந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கருப்பை எவ்வளவு இடமும் ஊட்டமும் கொடுத்ததோ அவ்வளவு. அப்படியிருக்க, தலைமுறைகளாகச் சாப்பாடு போதாமல் உயரம் குறைந்துபோன ஒரு மக்கள் கூட்டத்துக்கு 'உங்களுக்கு 2.4 கிலோவே நார்மல்' என்று தனிக் கோடு வரைந்து கொடுத்தால், பாட்டி பட்ட பட்டினியைப் பேத்திக்கு இயல்பு என்று முத்திரை குத்துகிற மாதிரி ஆகாதா?

மறுபக்கமும் உண்டு. எடை ஒரே எண்ணாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு. புனேவில் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் எழுதினார்கள். சராசரி எடை புனேவில் 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5. புனே குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சின்னவை, ஆனால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு. ஆகவே, எடை குறைவாக இருக்கிறதே என்று பதறி மாவும் சர்க்கரையுமாக ஊட்டி மூன்று மாதத்தில் கோட்டை எட்டிப் பிடிக்க வைப்பதும் ஆபத்துதான். தாய்ப்பால், பொறுமை, மாதா மாதம் ஒரு புள்ளி. கோட்டுக்கு இணையாகப் போகிறதா என்று பாருங்கள், கோட்டைத் தொட்டதா என்று பார்க்காதீர்கள்.

தலை அளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். 2015 கடைசியில் பிரேசிலில், கருவிலேயே குழந்தையின் தலையைச் சிறிதாக்கிவிடக்கூடிய ஜிகா வைரஸ் பரவியபோது 33 சென்டிமீட்டருக்குள் தலை உள்ள குழந்தைகளையெல்லாம் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல குழந்தைகள் கூட்டம் கூட்டமாக அதில் மாட்டிக்கொண்டன. டிசம்பரில் எல்லையை 32 ஆக்கினார்கள், 2016-இல் ஆண் குழந்தைக்கு 31.9, பெண் குழந்தைக்கு 31.5 என்று பிரித்தார்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது டேப்பில் விரல்நக அகலம், ஆனால் அதற்குள் எத்தனை குடும்பத்தின் கவலை. அதனால் அளக்கும்போது: டேப் புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையில் அதிகம் துருத்திய இடத்தில், மூன்று முறை, இருப்பதில் பெரிய எண்ணை எழுதுங்கள். பிறப்புப் பாதையில் நசுங்கிய தலை முதல் நாள் கூம்பாக இருக்கும், வீக்கமும் இருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் விட்டு மறுபடி அளக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பெரிய தலைக்கும் இதே. ஒரு பையனுக்கு 37.5 வந்தது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். உச்சிக்குழி தட்டையாக இருக்கிறது, குழந்தை நன்றாகக் குடிக்கிறது. நான் டேப்பை அப்படியே அப்பாவின் தலையில் சுற்றினேன், 60. "எங்கப்பாவுக்கு இன்னும் பெருசு சிஸ்டர், தொப்பியே கிடைக்காது" என்றார் அவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. பெற்றோரின் தலையை அளப்பதற்கு அரை நிமிடம் ஆகும், ஏனோ யாரும் செய்வதில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் வாங்கிக்கொள்ள வேண்டியது மூன்று எண், எடை, நீளம், தலை. எந்த வாரத்தில் பிறந்தது, அந்த வாரத்தை எதை வைத்துக் கணக்கிட்டார்கள், எந்த சார்ட்டில் வைத்தார்கள் என்பதும் கூடவே. சார்ட்டின் பெயர் அட்டையில் இல்லாவிட்டால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த மருத்துவர் வேறு சார்ட்டில் வைத்துவிட்டுக் 'குழந்தை இறங்கிவிட்டது' என்று சொல்லும்போது உதவும். முதல் சில நாளில் எடை குறையும், பிறந்த எடையில் 7 சதவீதம் வரை பெரும்பாலும் கவலை இல்லை, 10-ஐத் தொட்டால் பால் கொடுப்பதை உட்கார்ந்து கவனிக்க வேண்டும், பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதே தராசில் பார்ப்பது நல்லது. குறைமாதக் குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் திருத்திய வயதில்தான், அதாவது பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணித்தான் கோட்டில் வைக்க வேண்டும், இதையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

போன மாதம் ஒரு புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், கை சுத்தம், பொறுமைசாலி. ஒரு குழந்தையைத் தராசில் வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, 2.48. 2.5-னே போட்டுடவா? அவங்களுக்கு இது தலைப்பிள்ளை, ஏற்கெனவே ரொம்பப் பயந்து போயிருக்காங்க, பாவம்."

எனக்கு அந்தப் பழைய ஏடுகள்தான் ஞாபகம் வந்தன. அந்த 2.5-களில் எத்தனை 2.4, எத்தனை நடுங்கிய கை, யாருக்குத் தெரியும். 2.5 என்று எழுதினால் சர்க்கரை பார்க்கும் பட்டியலில் பெயர் வராது, ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொல்லும் சீட்டும் வராது.

"2.48 போடு," என்றேன். "போட்டுட்டு நீயே போய் அவங்க பக்கத்துல உக்காந்து அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லு. அவசரப்படாத, உன் மத்த ரெண்டு கட்டிலை நான் பாத்துக்கறேன்."

இருபது நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தேன். அம்மா குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், இவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அட்டையில் அந்தப் புள்ளியைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.